17 சதவீதம் யார் வைத்த கோடு?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் குறுவை அறுவடை தொடங்கிவிட்டால் செய்தித்தாள்களில் ஓர் எண் தவறாமல் வந்துவிடும்: 17. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வரும் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. மழை பிடித்துக்கொண்டால் விவசாயச் சங்கங்கள் 22 வரை தளர்த்தச் சொல்லும். மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். பிறகு இரண்டுக்கும் நடுவில் ஏதாவது ஓர் எண் உத்தரவாக வரும். வருவதற்குள் நெல் முளைத்துவிடுவதும் உண்டு.

இதைப் பார்க்கிறவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஈரப்பதம் என்பது அறிவியல், கருவி காட்டுவதில் பேரத்துக்கு என்ன வேலை என்று ஒரு சாரார். கடிதம் எழுதினால் மாறுகிற எண்ணில் அறிவியல் எங்கே இருக்கிறது, எல்லாம் அரசியல்தான் என்று மறுசாரார். அறிவியல் உண்மை மனிதர்களின் நோக்கங்களிலிருந்தும் சமூகத்தின் பிடியிலிருந்தும் விலகி நிற்க முடியுமா என்று தத்துவவாதிகள் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கின் இரு தரப்பும் இப்படி நம் கொள்முதல் நிலைய வாசலிலேயே வந்து நிற்கின்றன. இரண்டுமே அவசரத் தீர்ப்பு என்று நான் நினைக்கிறேன். சமூகம் அறிவியலுக்குள் வருகிறது, சந்தேகமே இல்லை. எந்த வாசல் வழியாக வருகிறது, எந்த வாசல் அதற்குத் திறப்பதில்லை என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

கருவியிலிருந்தே தொடங்கலாம். நிலையங்களில் பயன்படும் கையடக்க ஈரப்பதமானி தண்ணீரை நேரடியாக எடை போடுவதில்லை. ஒரு பிடி நெல்லைக் கிண்ணத்தில் போட்டதும், அது மின்புலத்துக்கு எவ்வளவு இசைந்துகொடுக்கிறது என்று பார்க்கிறது. உலர்ந்த தானியத்தைவிடத் தண்ணீர் பல மடங்கு அதிகமாக இசைந்துகொடுக்கும்; அந்த வித்தியாசத்தைச் சதவீதமாக மாற்றித் திரையில் காட்டுகிறது. இதற்கு உரைகல் ஆய்வகத்துச் சூட்டடுப்பு. நெல்லை எடை போட்டு, மணிக்கணக்கில் உலர்த்தி, மறுபடி எடை போட்டால் குறைந்த எடைதான் தண்ணீர். கருவியை அந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள். ரகம் மாறினாலோ, நெல் வெயிலில் சூடேறியிருந்தாலோ, கிண்ணத்தில் இறுக்கமாகவோ தளர்வாகவோ விழுந்தாலோ காட்டும் எண் கொஞ்சம் நகரும். இரவெல்லாம் தார்ப்பாய்க்குள் வியர்த்த குவியலின் மேல்பக்கம் அள்ளினால் ஓர் எண், நடுவில் கைவிட்டு அள்ளினால் வேறோர் எண்.

இவ்வளவு தடுமாற்றம் இருந்தும், அந்தக் குவியலில் இருக்கிற தண்ணீர் இருக்கிற அளவுதான். பட்டியல் எழுத்தருக்கு வேண்டியவர் நெல் என்பதற்காக அது ஒரு துளி குறையாது; வேண்டாதவர் நெல் என்பதற்காகக் கூடவும் செய்யாது. கருவி தப்பாகக் காட்டுகிறது என்று சண்டை போடும் விவசாயியும் உள்ளுக்குள் இதைத்தான் நம்புகிறார். சரியான எண் ஒன்று வெளியே இல்லையென்றால், தப்பான எண் என்று எதைச் சொல்வது?

கோடு கதை வேறு. 17க்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஈரம் கூடிய நெல்லைச் சாக்கில் அடைத்து அடுக்கினால் உள்ளே சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுப்பேறும். அரைவைக்குப் போகும்போது 14 சதவீதத்தை ஒட்டி இருப்பது நல்லது. ஆனால் 16.9இல் நல்ல நெல்லாக இருந்தது 17.1இல் கெட்ட நெல்லாகிவிடுவதில்லை. பூஞ்சைக்குத் தசமப் புள்ளி தெரியாது. 40 கிலோ சிப்பத்தில் 17 சதவீத ஈரம் என்றால் 6.8 கிலோ தண்ணீர். 22 என்றால் 8.8 கிலோ. அந்த 2 கிலோ தண்ணீருக்கு நெல் விலை கொடுப்பது யார், உலர்த்தும் செலவு யாருடையது, வழியில் கெட்டுப்போனால் நட்டம் யார் தலையில் என்பதுதான் உண்மையான பேரம். நாடு முழுவதற்கும் கோடு ஒன்றே. பஞ்சாபில் நெல் அறுக்கும் அக்டோபரில் வானம் பொதுவாக வெளுத்திருக்கும். இங்கே அதே அக்டோபரில்தான் வடகிழக்குப் பருவமழை இறங்கும். சேற்று வயலில் பெல்ட் அறுவடை வண்டி விட்டு அறுத்த நெல், ஆள் வைத்து அறுத்து அரிகாயப் போட்ட அந்தக் கால நெல்லைவிட ஈரமாகத்தான் களத்துக்கு வரும். எந்த வானிலையை, எந்த அறுவடை முறையை மனதில் வைத்துக் கோடு போட்டார்கள் என்ற கேள்வியைச் சூட்டடுப்பு தீர்த்துவைக்காது.

அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் ரட்னர் 1953இல் இதையே பொதுவாக்கிச் சொன்னார். எந்த ஆய்வுக்கும் நூறு சதவீத உறுதி கிடையாது. எனவே 'இவ்வளவு சான்று போதும்' என்று எங்காவது நிறுத்தித்தான் ஆகவேண்டும். எங்கே நிறுத்துவது என்பது, முடிவு தவறாகப் போனால் என்ன நேரும் என்பதைப் பொறுத்தது. ஒரு மருந்தில் விஷம் இல்லை என்று சொல்ல வேண்டிய சான்றும், ஒரு பெல்ட் பக்கிள் பழுதில்லை என்று சொல்ல வேண்டிய சான்றும் ஒன்றாக இருக்க முடியாது. ஆகவே அறிவியலாளர் அறிவியலாளராக இருக்கும்போதே மதிப்பீடு செய்துகொண்டுதான் இருக்கிறார் என்றார் ரட்னர். ஒரு முடிவு வெறும் தற்செயலாக வந்திருக்க இருபதில் ஒன்றுக்கும் குறைவான வாய்ப்பே இருந்தால் அதைப் பொருட்படுத்தலாம் என்று புள்ளியியலில் வேதவாக்காகிவிட்ட 5 சதவீத வரம்பும் இப்படித்தான் வந்தது. இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ரொனால்ட் ஃபிஷர் 1925இல், இருபதில் ஒன்று என்பது வசதியான எல்லை என்று எழுதினார். வசதி என்றுதான் எழுதினார். இயற்கை விதி என்று எழுதவில்லை.

டெல்டாவுக்கு இதைவிடப் பெரிய எண் ஒன்று இருக்கிறது: 740. காவிரிப் படுகையில் ஆண்டுக்குப் பகிர்ந்துகொள்ளக் கிடைக்கும் நீர் 740 டி.எம்.சி. என்று 2007இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு சொன்னது. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே '50 சதவீத நம்பகத்தன்மை' என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. மேடைப் பேச்சுகளில் அது விழுந்துவிடும். நீர்வரத்தை ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினால் பாதி ஆண்டுகளில் 740 அல்லது அதற்கு மேல் வரும், மீதிப் பாதியில் வராது என்பது அதன் பொருள். 75 சதவீத ஆண்டுகளில் உறுதியாக வருவது எவ்வளவு என்று கேட்டிருந்தால் எண் சிறியதாக இருந்திருக்கும். ஆற்றில் ஓடிய நீரின் பதிவு இரண்டுக்கும் ஒன்றுதான், கேள்விதான் வேறு. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம், டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டி.எம்.சி.யைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பெங்களூருவின் தேவைக்காக 4.75 டி.எம்.சி.யையும் ஒதுக்கி, கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய அளவை 192இலிருந்து 177.25ஆகக் குறைத்தது. ஆற்றில் தண்ணீர் ஓடினால்தானே நிலத்தடி நீர் ஊறும், அதை எப்படித் தனிக் கணக்காக எடுக்கிறீர்கள் என்பது டெல்டா விவசாயியின் கேள்வி. மணலுக்கடியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை நீரியல் அளந்து சொல்லலாம். அதில் எவ்வளவை யார் பங்கில் எழுதுவது என்பதை அளக்கக் கருவி கிடையாது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லும்போது முன்னதன் உறுதி பின்னதற்கும் ஒட்டிக்கொள்கிறது. அறிவியலின் பெயரால் நடக்கும் பெரும்பாலான ஏமாற்று இந்த இடத்தில்தான் நடக்கிறது என்பேன்.

கோடு போடுவது மனித வேலை, அளப்பது தூய அறிவியல் என்று இரண்டாகப் பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? தீராது. அளக்கும் கயிற்றுக்குள்ளும் மனிதர் இருக்கிறார். பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இது புரியும்.

பயிர்க் காப்பீட்டு இழப்பீடு அந்தப் பரிசோதனையின் எடைத்தட்டில்தான் தொங்குகிறது. எந்தப் புல எண் என்று முதலில் குலுக்கல் முறையில் தேர்வு. பிறகு அந்த வயலுக்குள் எந்த மூலையிலிருந்து எத்தனை அடி வைத்து எங்கே முளை அடிப்பது என்பதற்கும் குலுக்கல். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டி, உள்ளே இருக்கும் கதிரை அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். கயிறு போகும் வழியில் ஒரு நெற்குத்து நிற்கும். பாதி உள்ளே, பாதி வெளியே. அறுக்கிற கை அதை எந்தப் பக்கம் சேர்க்கும்? யாருக்கும் கெட்ட எண்ணம் வேண்டியதில்லை. அரிவாள் பழக்கத்தில் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சின்ன விஷயமாகத் தெரியும் இது இந்தியப் புள்ளியியலின் பெரிய சண்டைகளில் ஒன்று. 1940களில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நடத்திவந்த பி.சி. மஹலனோபிஸ், சிறிய வட்டத் துண்டுகளை நிறைய இடங்களில் அறுத்தால் குறைந்த செலவில் நல்ல மதிப்பீடு கிடைக்கும் என்றார். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் இருந்த பி.வி. சுகாத்மே, துண்டு சிறுக்கச் சிறுக்க மகசூல் மிகையாகத் தெரிகிறது என்று 1946இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். காரணம் ஓரத்துக் குத்துகள். கணக்கு எளிது. ஓரத்தில் சுற்றிலும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக அறுத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 5 மீட்டர் சதுரத்தில் அது பரப்பளவை 8 சதவீதம் கூட்டும். 1 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் 21 சதவீதம் கூட்டிவிடும். அதே கை, அதே அரிவாள், அதே வயல்.

இரண்டு பேருக்கும் இரண்டு நிறுவனங்கள், இரண்டு நிதி ஆதாரங்கள், நாட்டின் உணவுக் கணக்கை யார் எழுதுவது என்ற போட்டி. இதில் சமூகம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஓரத்துக் குத்து செய்யும் வேலை இந்தப் போட்டிக்கு முன்பும் இருந்தது. யாரும் கவனிக்காமலே எண்களைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. போட்டிதான் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே நிறுவனம், ஒரே முறை, கேள்வி கேட்க ஆளில்லை என்றிருந்தால் அந்தப் பிழை கணக்குப் புத்தகத்தில் உண்மையாகவே உட்கார்ந்திருக்கும். அமெரிக்கத் தத்துவவாதி ஹெலன் லாஞ்சினோ 1990இல் வைத்த வாதம் இதற்குப் பொருந்துகிறது: பாரபட்சமின்மை என்பது தனி ஆய்வாளரின் மனச்சுத்தத்தில் இருப்பதல்ல, வெவ்வேறு பின்னணி கொண்டவர்கள் ஒருவரையொருவர் குடைந்து கேட்க முடிகிற ஏற்பாட்டில் இருப்பது. குலுக்கல் முறையே அப்படிப்பட்ட ஏற்பாடுதான். நல்ல வயலாகப் பார்த்துக் கை போகும், அல்லது காப்பீட்டுப் பணம் வரட்டும் என்று கெட்ட வயலாகப் பார்த்துக் கை போகும் என்று தெரிந்தவர்கள், தேர்வைக் கையிலிருந்து பிடுங்கி எண் அட்டவணையிடம் கொடுத்தார்கள். மனிதரைப் பற்றிய நல்ல அவநம்பிக்கைமீது கட்டிய முறை அது.

இருந்தும் சராசரி என்று ஒன்று இருக்கிறது. முக்கியப் பயிர்களுக்கு ஒரு கிராம ஊராட்சிக்குக் குறைந்தது நான்கு பரிசோதனைகள் என்பது பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் விதி. தலைமடையில் நல்ல விளைச்சல், கடைமடையில் வெள்ளம் நின்று அழுகிய பயிர், இரண்டும் ஒரே வருவாய் கிராமம் என்றால், சராசரி இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்லும். அந்தச் சராசரி பொய்யில்லை. கிராமத்தைப் பற்றிய உண்மை அது. கடைமடைக்காரரின் வயலைப் பற்றியதல்ல. எதை ஓர் அலகாக எடுப்பது என்று முடிவு செய்த அன்றே அவர் இழப்பு பாதி மறைந்துவிட்டது.

ஒற்றை நாற்று நடவு இதே சிக்கலின் இன்னொரு பக்கம். பிரான்ஸைச் சேர்ந்த ஹென்றி டி லாலனியே என்ற ஏசு சபைப் பாதிரியார், மடகாஸ்கரில் விவசாயிகளோடு வேலை செய்தபோது 1983 வாக்கில் உருவாக்கிய முறை அது. இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, அகன்ற சதுர இடைவெளி, வயலில் எப்போதும் தண்ணீர் நிறுத்தாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுவது, களையெடுக்கும் கருவியால் மண்ணைக் கிளறிவிடுவது. உலகம் முழுக்க இதைக் கொண்டுபோனவர் நார்மன் அப்ஹாஃப். கார்னெல் பல்கலைக்கழகத்து அரசியல் அறிவியல் பேராசிரியர். பாதிரியாரும் அரசியல் பேராசிரியரும் நெல் வளர்க்கச் சொல்லிக் கொடுப்பதா என்ற எரிச்சல் வேளாண் விஞ்ஞானிகளின் பதில்களில் தெரியவே செய்தது. சில வயல்களில் ஹெக்டேருக்கு 15 டன்னுக்கு மேல் விளைந்ததாகச் செய்தி வந்தபோது, சூரிய ஒளியிலிருந்து நெற்பயிர் எடுக்கக்கூடிய உச்ச அளவையே இது தாண்டுகிறதே என்று கேட்டார்கள். 2004இல் ஆய்விதழ்களில் வந்த விமர்சனங்களில் ஒன்று, அடையாளம் தெரியாத பறக்கும் பொருளோடு இதை ஒப்பிட்டது.

எரிச்சல் சமூகம் சார்ந்தது. சூரிய ஒளிக் கணக்கு அப்படியல்ல. அந்த அதிசய எண்கள் பொதுவாக நிலைக்கவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாமிரபரணி, காவிரிப் பகுதிகளில் விவசாயிகளின் சொந்த வயல்களிலேயே ஒப்பிட்டுப் பார்த்து, செம்மை நெல் சாகுபடி என்ற பெயரில் பரப்பியது. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும், 14 நாள் நாற்று, மார்க்கர் உருட்டிச் சதுர நடவு, கோனோவீடர் என்ற களைக்கருவி என்று 2000களில் டெல்டாவில் இதைப் பேசாத விவசாயக் கூட்டமே கிடையாது. விதை மிச்சமாவதும் தூர் அதிகம் கட்டுவதும் கண்ணால் பார்த்தவை.

அப்படியானால் ஏன் டெல்டா முழுவதும் அந்த முறைக்கு மாறவில்லை? முறை பொய் என்பதால் அல்ல. காய்ச்சலும் பாய்ச்சலும் வேண்டுமென்றால் மடை நம் கையில் இருக்க வேண்டும். பம்புசெட் வைத்திருப்பவருக்கு அது முடியும். மேட்டூர் திறந்து, முறைப் பாசனத்தில் வாய்க்காலில் தண்ணீர் வரும்போது வாங்கிக்கொள்கிறவர், அடுத்த முறை எப்போது என்று தெரியாமல் வயலைக் காயப் போடத் துணிய மாட்டார். ஏக்கர் கணக்கில் கூலி பேசி நடவுக்கு வரும் பெண்களுக்கு, வேர் அறாமல் ஒவ்வொரு நாற்றாகச் சதுரம் பார்த்து ஊன்றுவது அதே கூலிக்கு அதிக நேர வேலை. டெல்டாவின் களிமண்ணில் கோனோவீடர் தள்ளுவது இடுப்பை ஒடிக்கும். பரிசோதனை வயலில் இந்தச் சிக்கல் எதுவும் எண்ணாகப் பதிவாவதில்லை. அங்கே தண்ணீரும் ஆளும் மேற்பார்வையும் தயார். அங்கே கிடைத்த மகசூல் உண்மை. அது எந்த ஏற்பாடுகளோடு சேர்ந்த உண்மை என்பதையும் சொல்லாவிட்டால், செய்யாத விவசாயி சோம்பேறி என்ற பொய் அதன் நிழலில் வளரும். வளர்ந்ததும் உண்டு.

இந்தப் பாடத்தை டெல்டா ஏற்கெனவே கடுமையான விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1960இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தேர்வான மாவட்டங்களில் பழைய தஞ்சாவூர் ஒன்று. 1965இல் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏடிடி 27 ரகத்தை வெளியிட்டது. ஜப்பானிய வகை நெல்லையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் சேர்த்து உருவாக்கிய, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும் குறுவை நெல். நன்றாக விளைந்தது, அதில் கேள்வி இல்லை. ஆனால் பரிசோதனைத் தாளில் 'ஹெக்டேருக்கு இத்தனை கிலோ' என்ற பத்தி உண்டு, 'அதில் அறுத்தவருக்கு எத்தனை மரக்கால்' என்ற பத்தி கிடையாது. உரமும் தண்ணீரும் கடனும் எட்டுகிறவருக்கு விளைச்சல் முதலில் கூடியது. கூலி நெல்லை உயர்த்தக் கேட்ட தொழிலாளர் சங்கங்களுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் மோதல் முற்றியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொலைக்கு விதை காரணமில்லை. சாதியும் நிலமும் அதற்குப் பல நூற்றாண்டு முந்தியவை. பசுமைப் புரட்சி நடந்த பகுதிகளின் பதற்றங்களை மத்திய உள்துறை அமைச்சகமே 1969இல் தனி ஆய்வாக எடுத்துப் பேசவேண்டி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அதே 1968 தொடக்கத்தில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், கும்பகோணத்துக்காரரான எம்.எஸ். சுவாமிநாதன், உள்ளூர் ரகங்களைத் தள்ளிவிட்டு ஒன்றிரண்டு ரகங்களையே எங்கும் பயிரிடுவதும் கணக்கில்லாமல் பூச்சிமருந்து அடிப்பதும் நிலத்தடி நீரை உறிஞ்சுவதும் ஆபத்தில் முடியும் என்று எச்சரித்தார். எச்சரிக்கை ஆய்வுத் துறைக்குள்ளிருந்தே வந்தது. கேட்கத்தான் யாருக்கும் அவசரம் இல்லை.

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, எல்லாமே அதிகாரத்தின் விளையாட்டு என்று முடித்துவிடலாமா? முடிக்கக் கூடாது. அந்தப் பேச்சால் அதிகம் லாபம் அடைந்தவர்கள் ஏழைகள் அல்ல. புகைத்தால் புற்றுநோய் என்ற சான்று 1950களில் குவிந்தபோது, 'இன்னும் உறுதியாகவில்லை' என்று சொல்லிச் சொல்லியே காலம் கடத்தியது அமெரிக்கச் சிகரெட் தொழில். சோவியத் நாட்டில் கட்சியின் ஆதரவு பெற்ற வேளாண் அறிவியலாளர் லைசென்கோ மரபணுவியலை முதலாளித்துவக் கற்பனை என்று ஒதுக்கினார். அவரை எதிர்த்த, உலகெங்கும் விதை சேகரித்த தாவரவியலாளர் நிக்கலாய் வவிலோவ் 1943இல் சிறையில் இறந்தார். கட்சி தீர்மானம் போட்டது, கோதுமை அதைப் படிக்கவில்லை.

நம் ஊரிலும் இந்தத் தூண்டில் உண்டு. பாரம்பரிய நெல்லை மீட்ட நெல் ஜெயராமனின் உழைப்பைப் பற்றி இரண்டாம் கருத்து இருக்க முடியாது. அழிந்துபோக இருந்த எத்தனையோ ரகங்கள் ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் கைமாறின. ஆனால் அந்த நெல்மீது இருக்கும் பாசத்தை வைத்து, இதைச் சாப்பிட்டால் சர்க்கரை நோய் ஓடிவிடும் என்று பொட்டலத்தில் அச்சடிப்பது வேறு காரியம். கம்பெனி விதைக்கு நாம் கேட்கிற சான்றை மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் அதற்கு அவமானம் வராது. ஒடிசா விவசாயிகள் வைத்திருந்த வெள்ளம் தாங்கும் நாட்டு நெல் ஒன்றிலிருந்து எடுத்த ரகம் எஃப்ஆர் 13ஏ. அதில் இருந்த சப்1 மரபணுவை 2006இல் அடையாளம் கண்டார்கள். இன்று டெல்டாவின் பள்ளக்கால் வயல்களில் அந்த மரபணு சேர்த்த சிஆர் 1009 சப் 1 ரகத்தை நடுகிறவர்கள், இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் பயிர் மீளும் என்ற நம்பிக்கையில் நடுகிறார்கள். அந்த நெல்லை யார் கண்டுபிடித்தார்கள் என்று எழுதும் இடத்தில் ஒடிசா விவசாயியின் பெயர் இல்லை, அது அநியாயம். ஆனால் பெயர் இல்லாததால் அந்த மரபணு வெள்ளத்தில் வேலை செய்யாமல் போகவில்லை.

கும்பகோணத்தைப் பற்றிப் பேசிவிட்டு ராமானுஜனைச் சொல்லாமல் போனால் யாராவது கோபித்துக்கொள்வார்கள். நாமகிரித் தாயார் கனவில் காட்டியதாக அவர் சொன்ன சூத்திரங்கள், அதனால் சரியாகவும் ஆகவில்லை, தப்பாகவும் ஆகவில்லை. 1913இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதங்களில் பகா எண்களின் எண்ணிக்கை பற்றி அவர் சொன்னது தவறு; சிக்கலெண் சார்புகளின் கோட்பாடு தெரியாததால் வந்த தவறு என்று ஹார்டி பிறகு விளக்கினார். அந்தக் கல்வி அவருக்குக் கிடைக்காமல் போனதில் பேரரசும் பரீட்சை முறையும் வறுமையும் இருக்கின்றன. தவறு தவறாக இருப்பதில் அவை எதுவும் இல்லை. ஒரு கருத்து எப்படிப் பிறந்தது என்பதையும், எப்படி நிலைநாட்டப்படுகிறது என்பதையும் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னார் ஜெர்மன் தத்துவவாதி ஹான்ஸ் ரெய்ஹென்பாக், 1938இல். கணிதத்தில் அந்தப் பிரிவினை ஏறக்குறைய முழுதாகச் செல்லும். வயலில் பாதிதான் செல்லும். அங்கே நிலைநாட்டுவதற்கே கயிறும் கூலியும் மடையும் வேண்டியிருக்கின்றன.

சில இடங்களில் சமூகத்தின் கை எண்ணைத் திருத்துவதில்லை, எண்ணே பிறக்காமல் பார்த்துக்கொள்கிறது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, எண்ணெய் உற்பத்திக் கிணறு போன்ற திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகரைத் திட்டத்தைக் கொண்டுவருகிறவரே அமர்த்துகிறார். அறிக்கையிலுள்ள ஒவ்வோர் எண்ணும் சரியாகவே இருக்கலாம். மாதிரி எடுக்காத கிணற்றுத் தண்ணீர் அதில் எந்தப் பக்கத்திலும் இருக்காது. டெல்டாவில் மீத்தேன் எரிவாயு எடுக்கும் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வாரின் கூட்டங்களில் எழுந்த கேள்விகளில் எல்லாமே அறிவியல்பூர்வமானவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'எங்கள் கிணற்றை அளந்தீர்களா' என்பது முழுக்க முழுக்க அறிவியல் கேள்வி.

இப்போது அடுத்த சுற்று வந்திருக்கிறது. 2023 காரீப் பருவத்திலிருந்து பயிர்க் காப்பீட்டில் நெல், கோதுமை மகசூலைக் கணக்கிட, செயற்கைக்கோள் வழி மதிப்பீட்டுக்கு 30 சதவீத எடை, அறுவடைப் பரிசோதனைக்கு 70 சதவீத எடை என்று மத்திய அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. கயிறு கட்டுகிறவரின் கையை நம்பாமல் வானத்திலிருந்து பார்ப்பது நல்லதுதான். ஆனால் சாதாரணக் கேமரா மேகத்தைத் துளைத்துப் பார்க்காது. சம்பா பயிர் நிற்கும் நவம்பரில் டெல்டாவின் மேல் மேகம்தான் இருக்கும், அதற்கு ரேடார் வேண்டும். படத்தை மகசூலாக மாற்றும் கணினி மாதிரி தன் பாடத்தைப் பழைய அறுவடைப் பரிசோதனைகளிலிருந்தே படித்திருந்தால், ஓரத்துக் குத்தை உள்ளே இழுத்த அரிவாளும் அதற்குள் இருக்கிறது. 30க்கு 70 என்ற பங்கீட்டை எந்தச் செயற்கைக்கோளும் அனுப்பவில்லை. ஆகவே கிராமசபையில் கேட்க வேண்டியவை நேரடியான கேள்விகள்: எங்கள் கிராமத்தில் முளை அடித்த புல எண்கள் எவை, அவற்றில் கடைமடை எத்தனை, எடை போட்டபோது நெல்லின் ஈரப்பதம் எவ்வளவு, அந்தக் கருவியைக் கடைசியாக எப்போது சூட்டடுப்போடு ஒப்பிட்டீர்கள்?